அவளிடம் மட்டும் சொன்னது

அத்தியாயம் 14

போன வாரம் பீமாராவை ஆபீஸ் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறான். மொத்தம் பதினோரு படி. இடது முழங்காலுக்குக் கீழே சொந்தக் கால் இல்லாதவனுக்கு அது சின்ன விஷயமில்லை. சாய்தளம் கட்டச் சொல்லி மூன்று வருஷமாக மனு ஓடிக்கொண்டிருக்கிறது, அது கிடக்கட்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக டி. கல்லுப்பட்டிப் பக்கம் போன ஜீப் கவிழ்ந்து பீமாராவின் கால் போனது. அந்த வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை, டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் நிற்கவில்லை. சீட்டு இல்லாமல் வாங்கித் தின்று, போன நவம்பரில் ஆபீஸ் மேசையிலேயே கவிழ்ந்து தூங்கி, டிராயரில் நாலு அட்டை மாத்திரையோடு பிடிபட்டு, குற்றச்சாட்டு மெமோ வாங்கினான். அப்புறம் தானாகவே போய் மறுவாழ்வு மையத்தில் இரண்டு மாதம் படுத்து எழுந்து வந்தான். இன்றைக்கு விசாரணை. இரண்டு வரி என்று சொன்னேன், நீண்டுவிட்டது. அவன் பட்டதும் அப்படித்தான்.

காலையில் மனைவி தமிழ்வாணி சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தாள். செயற்கைக் காலின் பட்டையை இறுக்கிவிட்டாள். வாசல் வரைக்கும் வந்தாள்.

"எது கேட்டாலும் கோவப்பட்டுராதீங்க. பெரியவங்க ஏதாச்சும் வழி சொன்னா யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

"சரி, போயிட்டு வாரேன்" என்று சந்தோஷமாகக் கிளம்பினான். மடையன்.

கண்காணிப்பாளர் முத்திருளன் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். கதவைச் சாத்தினார். அரசு ஆபீஸில் இந்த மூன்றும் ஒன்றாக நடந்தால் உஷாராகிவிட வேண்டும். பீமாராவ் ஆகவில்லை. தங்கச்சி ஆர்த்திகா எழுதிக் கொடுத்த பதில் அவன் பையில் இருந்தது. சித்தப்பா மகள், வக்கீல். 'இது நோய், ஒழுங்கீனமில்லை. சிகிச்சை எடுத்துக் குணமடைந்துவிட்டேன். வேலை பார்க்கத் தகுதியாக இருக்கிறேன்' என்று நாலு பக்கம். அவனுக்கே மனப்பாடம். அதை வெளியே எடுத்தான்.

"அதை உள்ள வையி தம்பி" என்றார் முத்திருளன். "அதுக்கு அவசியமே இல்லாமப் போகலாம். நல்ல வழி ஒண்ணு வந்திருக்கு. யோசிச்சுப் பாத்தா எனக்கே சரின்னு படுது."

மேசை மேல் ஒரு மனுவை நகர்த்தினார்.

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பி.எட். படித்தவள், குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கையெழுத்தில் வந்த பதினேழு கடிதங்களை அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

'மேற்படி எனது கணவர், விபத்தில் காலை இழந்ததோடு போதை மாத்திரைப் பழக்கத்தினால் மனநலமும் பாதிக்கப்பட்டு, பணிபுரியும் தகுதியை முற்றிலும் இழந்துள்ளார் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். ஆகவே அவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்பி, இயலாமை ஓய்வு அளித்து, கருணை அடிப்படையில் எனக்கு ஒரு பணி வழங்குமாறு...'

பீமாராவ் மறுபடி முதலிலிருந்து படித்தான். முற்றிலும் இழந்துள்ளார். முற்றிலும்!

பின்னால் இணைப்புகள். மறுவாழ்வு மையத்துச் சீட்டு, அவனுடைய மாற்றுத்திறனாளி அட்டை, சாதிச் சான்றிதழ், அவளுடைய பி.எட். சான்றிதழ். எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ். அது இந்தக் குடும்பத்துப் பழக்கம். அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்த அவன் அப்பா மருது ஆரம்பித்து வைத்தது. எங்கே போனாலும் எல்லாக் காகிதமும் மூன்று செட், ஒன்று தொலைந்தால் இன்னொன்று. கல்யாணமாகி வந்த புதிதில் இந்தப் பழக்கத்தைப் பார்த்துத் தமிழ்வாணி சிரித்திருக்கிறாள். நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"யாராச்சும் மிரட்டி எழுத வச்சிருப்பாங்க சார்" என்றான்.

முத்திருளன் மனுவைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

'சிகிச்சைக்குப் பின்னும் கடந்த பிப்ரவரி 9 ஆம் தேதி மீண்டும் மாத்திரை உட்கொண்டதாக என்னிடம் அவரே ஒப்புக்கொண்டார்.'

அந்த இடத்தில்தான் அவன் மனுவைக் கீழே வைத்தான்.

அந்த பிப்ரவரி 9 உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மையத்தை விட்டுக் கிளம்பும்போது அங்கே ஆலோசனை சொல்கிற அம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். தினமும் விளக்கு வைத்ததும் தமிழ்வாணி மாத்திரை ஆசையைப் பற்றி ஒரே கேள்வி கேட்க வேண்டும்: 'இன்னைக்கு வந்துச்சா?' அவன் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் திட்டக்கூடாது, அழக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது. அம்புட்டுதான் மருந்து என்றாள் அந்த அம்மா. பாதி நாள் 'வந்துச்சு, விட்டுட்டேன்' என்பான். பிப்ரவரி 9 அன்று 'வந்துச்சு, விடல' என்றான். தமிழ்வாணி திட்டவில்லை, அழவில்லை. மறுநாள் காலையில் அவளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவனுக்கு.

"இங்க பாரு தம்பி" என்றார் முத்திருளன். குரலில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை, அதுதான் கொடுமை. "மாத்திரை விஷயம் ஒழுங்கீனம்னு போனா டிஸ்மிஸ். உனக்கும் ஒண்ணுமில்ல, மனு குடுத்த பிள்ளைக்கும் ஒண்ணுமில்ல. நோய்னு போனா உனக்குப் பென்ஷன், அதுக்கு வேலை. நீ சம்மதம்னு ஒரு வரி எழுதிக் குடு, மெமோவ மூடிரலாம். நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம் தாரேன்."

"எனக்கு நாப்பத்தொரு வயசு சார். வேலை பாக்க முடியும்."

"உன் பொண்டாட்டி முடியாதுங்குதே" என்றார் அவர்.

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. பீமாராவ் மனுவின் நகல் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். பதினோரு படியையும் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கினான். வீட்டுக்குப் போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் என்ன செய்வோமென்று அவனுக்கே பயமாக இருந்தது. ஒத்தக்கடை பஸ்ஸில் ஏறினான்.

* * *

ஆர்த்திகா ஒத்தக்கடையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அறை எடுத்துப் பிராக்டீஸ் பண்ணுகிறாள். ஹைகோர்ட் பக்கம். கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். மனுவின் நகலைப் படித்ததும் பப்ஸைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டியாண்ணே?"

"இல்ல."

"அப்ப கேஸுக்கு உசிரு இருக்கு. மூஞ்சக் கழுவிட்டு வா."

அவன் கழுவவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான். இல்லாத காலின் இல்லாத விரல்கள் எரிந்தன. வெட்டி எடுத்து நாலு வருஷமாகியும் மனசு கெட்டுப்போனால் எரியும் விரல்கள் அவை.

"கேட்டுக்க" என்றாள் ஆர்த்திகா. "உன் காலுக்குச் சட்டத்துல நேராவே இடம் இருக்கு. வேலையில இருக்கும்போது ஊனம் வந்தா ஒருத்தன வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த வேலைக்கு முடியலன்னா வேற வேலை குடு, அதே சம்பளம் குடுங்குது. அதனாலதான் உன் கையெழுத்துக்கு அலையிறாங்க. நீயா சம்மதிச்சுப் போனா அவங்களுக்குத் தலைவலி இல்ல."

"மாத்திரைக்கு?"

"அங்கதான்ணே இழுக்குது. ஊனப் பட்டியல்ல போதைப் பழக்கம்னு தனியா பேர் இல்ல. மனநோய்னு ஒண்ணு இருக்கு. மனநலச் சட்டம்னு இன்னொண்ணு, அது போதையால வர்ற மனநிலையையும் நோய்க்கணக்குல சேக்குது. ரெண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் நான் நாலு பக்கம் எழுதினேன். சிகிச்சை முடிஞ்சு குணமானவன்னா ஜட்ஜ் காது குடுத்துக் கேப்பாரு. இன்னும் சாப்பிடுறவன்னு அவங்க எழுதிட்டா, அது நோயில்ல, ஒழுங்கீனம்னு சொல்லிருவாங்க."

பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அண்ணே. அந்த பிப்ரவரி ஒன்பது. உண்மையா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"அடப்பாவி அண்ணே!" ஆர்த்திகாவின் கண் கலங்கிவிட்டது. "நான் உன் வக்கீல். 'குணமடைந்துவிட்டேன்'னு உனக்காக நாலு பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன். என்கிட்ட மறைச்சிருக்கியே. அவகிட்ட மட்டும் சொல்லியிருக்க."

"ஒருத்தர்கிட்ட சொன்னாப் போதும்னு மையத்துல சொன்னாங்கம்மா."

"நல்ல ஆளாப் பாத்துத்தான் சொல்லியிருக்க."

கீழே ஜவுளிக்கடையில் யாரோ நைட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஆர்த்திகா மூக்கை உறிஞ்சிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். வக்கீல் திரும்பி வந்துவிட்டாள்.

"ஒரு வழிதான் இருக்கு. மறுக்கணும். ரத்தச் சோதனை இல்ல, சாட்சி இல்ல, அவ வாய் வார்த்தைதான். அவளுக்கோ உன் வேலை மேல கண்ணு, அவ மனுவுலயே எழுதியிருக்கா. 'வேலைக்கு ஆசைப்பட்டுக் கணவன் மேல் பொய் சொல்கிறார்'னு ஒரே வரியில உடைச்சிரலாம்."

"வாணியையா?"

"அவ உன்ன உடைக்கலியா?"

"உண்மைய ஒத்துக்கிட்டா?" என்று மட்டும் கேட்டான்.

"ஒரு தடவ சறுக்குறது இந்த நோயோட குணம்தான்னு டாக்டர் வந்து சொல்லுவாரு. சரியான வாதம்தான். ஆனா ஒரு தடவ சறுக்கினவன எந்தப் பக்கம் வைக்கணும்னு நம்ம சட்டம் எழுதி வைக்கல. எழுதாத எடத்துல நின்னு ஜெயிக்கிறது கஷ்டம்ணே. தோக்கவும் செய்யலாம். தோத்தா டிஸ்மிஸ்."

டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டுக் கொடுத்தாள். "காலையில கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. அவகிட்ட ஒண்ணும் பேசாத" என்றாள்.

அதைக் கேட்கிறவனாக இருந்தால் அவன் பீமாராவே இல்லை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. வீடு இருக்கிற வண்டியூர்ப் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்து போனது, அவன் ஏறவில்லை. இன்னொன்றும் போனது. விரல்கள் எரிந்துகொண்டே இருந்தன. ஒரே ஒரு மாத்திரை, இந்த எரிச்சல், அந்த மனு, அந்த 'முற்றிலும்', எல்லாம் அரை மணியில் அடங்கிவிடும். எப்படி அடங்குமென்று அவன் நாக்குக்குக்கூடத் தெரியும். ரோட்டைத் தாண்டினான். கவுண்டரில் கை வைத்தான்.

"என்ன வேணும்ணே?" என்றாள் கடைப் பெண்.

சொல்ல வாயெடுத்தான்.

"ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒண்ணு" என்றான்.

அதை வாங்கிக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட, அடுத்த பஸ்ஸில் ஏறினான். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆபீஸில் இருக்கிற எவனும் அன்றைக்கு அம்புட்டுப் பெரிய வேலை பார்த்திருக்க மாட்டான்.

* * *

வீட்டில் தமிழ்வாணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் முத்துமீனா டியூஷன் போயிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க."

"சாப்பிட்டுட்டுப் பேசலாங்க."

"உன் கையால இன்னைக்கு எறங்காது வாணி" என்றான். கத்தவில்லை. கத்துவான் என்றுதான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். "டிஸ்மிஸ் பண்ணியிருந்தாக்கூட எனக்கு இம்புட்டு வயிறு எரிஞ்சிருக்காது. காலையில பட்டைய இறுக்கிவிட்டியே, எப்படி உனக்கு மனசு வந்துச்சு?"

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"சொன்னா விட்டிருப்பீங்களா? உங்க ஆபீஸ் சங்கத்து ஆளுங்க எல்லாரையும் கேட்டேன். டிஸ்மிஸ்னா தெருவுலதான்னுட்டாங்க. முத்துமீனா அஞ்சாப்புப் படிக்கிறா. நீங்க நாளைக்கு மறுபடி விழுந்தீங்கன்னா? நீங்க தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குல கை வச்சுப் பாக்குறவ நான். உங்களுக்குக் கால் போனப்ப ஊரே வந்து அழுதுச்சு. மாத்திரை வந்தப்ப எனக்குக் கூட நின்னு அழ ஒரு நாதி இல்ல. வெளியில சொல்லக்கூட முடியாத சீக்கு."

"அதுக்கு? நான் முற்றிலும் லாயக்கில்லன்னு எழுதிருவியா?"

"மனு எழுதிக் குடுக்கிற பெரியவர் அப்படித்தான் எழுதணும்னாரு. இல்லன்னா தள்ளுபடி ஆயிருமாம்."

"பிப்ரவரி ஒன்பதும் அவருதான் சொன்னாரா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அத உன்கிட்ட சொல்லும்போது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? செத்துப் பிழைச்சேன். அதைப் போயி மூணு செட் ஜெராக்ஸ் போட்டு வச்சிருக்கியே!"

தமிழ்வாணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மையத்து அம்மா அழக்கூடாது என்று சொன்னதற்குப் பிறகு அவன் முன்னால் அழுவது இதுதான் முதல் தடவை. அவன் எழுந்து போய்த் தொடவில்லை.

பையிலிருந்து கவரை எடுத்து அவளிடம் நீட்டினான். "ஆர்த்திகா எழுதினது. படி."

படித்தாள். 'வேலை பெறும் உள்நோக்கத்துடன் புனையப்பட்ட பொய்' என்ற வரியில் அவள் விரல் நின்றது.

"நான் பொய் சொன்னேனா?"

"இல்ல."

"அப்ப இதுல கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"நீ என்னப் பத்தி எழுதினதுக்குப் போடணும்" என்றான். "பஸ்ஸுல வரும்போது போடணும்னுதான் வந்தேன். போட மாட்டேன். நாளைக்கு அந்த ஆளு முன்னாடி நானே சொல்லப் போறேன். ஆமா, ஒரு தடவ சாப்பிட்டேன். மறுநாளே டாக்டர்கிட்டப் போனேன். அதுக்கப்புறம் தொடல. என்னால வேலை பாக்க முடியும், சம்மதம் எழுதித் தர மாட்டேன். சட்டம் என்ன சொல்லுதோ சொல்லட்டும்."

"வேலை போயிருச்சுன்னா?"

"போகட்டும். உன்னப் பொய்க்காரின்னு எழுதிக் குடுத்துட்டு அந்த நாற்காலியில என்னால உக்கார முடியாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனுஷனையா முற்றிலும் என்று எழுதினோம் என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். "மனுவ வாபஸ் வாங்கிரட்டுமா?" என்றாள்.

"அது உன் இஷ்டம். அவரு படிச்சுட்டாரு."

தெருவில் விளக்கு எரிந்தது. தமிழ்வாணி எழுந்து சாமி விளக்கை ஏற்றினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் பையில் கிடந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை. அவள் அங்கேயே, தினமும் உட்கார்கிற இடத்தில், அவன் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இன்றைக்கு விடுவாளா?

"இன்னைக்கு வந்துச்சா?" என்றாள்.

பீமாராவ் அவளைப் பார்த்தான். ஒத்தக்கடை மருந்துக்கடைக் கவுண்டரில் வைத்த கை மடியில் கிடந்தது. அதை இன்னொரு கையால் மூடினான்.

"இல்ல" என்றான்.